பத்தாம் எண்ணும் ஒரு சட்டை மூட்டையும்

கேள்வி:

காக்ஸ் டவுனில் 1991-இல் தெருப் பையன்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு சிறிய கால்பந்து கிளப்பின் செயலாளர் நான். ஜீவனஹள்ளி, லிங்கராஜபுரம், மார்க்கெட் பக்கம் என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள்தான் எங்கள் ஆட்டக்காரர்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் பாதி. கன்னடம், தெலுங்கு, உருது பேசுகிறவர்கள் மீதி. எங்களுக்குச் சொத்து என்று இருப்பது நாலு பந்து, ஒரு இரும்புப் பெட்டி, 1 முதல் 16 வரை எண் போட்ட பதினாறு ஜெர்சிகள். அவ்வளவுதான்.

2003 முதல் 2022 வரை, 19 வருடம், எங்கள் பத்தாம் எண் சட்டையைப் போட்டவர் ஒரே ஆள். பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் ‘அண்ணன்’. கோல் போட்டதற்காக மட்டும் அவரைச் சொல்லவில்லை. மேட்ச் முடிந்ததும் வியர்வையும் சேறுமாகக் கிடக்கும் பதினாறு சட்டைகளையும் ஒரு பழைய பெட்ஷீட்டில் மூட்டையாகக் கட்டி, ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். திங்கட்கிழமை காலையில் அவர் வீட்டு மொட்டை மாடியில் பதினாறும் வரிசையாகக் காயும். அதைப் பார்த்துத்தான் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மேட்ச் இருந்தது என்று தெருவுக்கே தெரியும். முழங்கால் ஒத்துழைக்காததால் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். இப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்.

அவர் நிறுத்தியதிலிருந்து பத்தாம் எண்ணை யாரும் கேட்கவில்லை, நாங்களும் யாருக்கும் கொடுக்கவில்லை. இப்போது அவரிடமே பழகி வந்த 16 வயதுப் பையன் ஒருவன் கேட்கிறான். கமிட்டி இரண்டாகப் பிரிந்துவிட்டது. “ஆர்.சி.பி. டிவில்லியர்ஸுக்கும் கெயிலுக்கும் செய்ததை நாம் நம்ம அண்ணனுக்குச் செய்யக் கூடாதா? ஆண்டு விழா மேடையில் அறிவித்துவிடுவோம்” என்கிறார்கள் மூத்தவர்கள். “இருப்பதே பதினாறு சட்டை, அதிலும் ஒன்றைப் பெட்டியில் பூட்டுவதா?” என்கிறார்கள் இளையவர்கள். அண்ணனிடம் இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறோம்.

என் கேள்விகள்: புகழ்பெற்ற ஆட்டக்காரரின் எண்ணுக்கு இப்படி ஓய்வு கொடுப்பது சரியா? எங்களைப் போன்ற சின்ன கிளப்புக்கு விதி இடம் கொடுக்குமா? அந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்வது?

— ஒரு வாசகர், காக்ஸ் டவுன், பெங்களூரு

பதில்:

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாம் எண்ணைப் பூட்ட வேண்டாம். கேட்டவுடன் அந்தப் பையனிடம் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், உங்கள் மூத்தவர்களும் இளையவர்களும் போடும் சண்டையில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து வைத்துவிடலாம்.

ஒரு எண்ணுக்கு ஓய்வு கொடுப்பது இழப்பால் நடப்பதும் உண்டு, புகழால் நடப்பதும் உண்டு. செய்தியாக வரும்போது இரண்டும் ஒரே தலைப்பில்தான் வரும். உள்ளே இருக்கும் காரணம் வேறு.

இழப்புக்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கண்டீரவா மைதானத்தில் நடந்தது. 2004 டிசம்பர் 5, ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். கோவாவின் டெம்போ அணிக்கும் கொல்கத்தாவின் மோகன் பகானுக்கும் போட்டி. டெம்போவின் முன்கள ஆட்டக்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர் பிரேசில்காரர், வயது 25. முதல் கோல் அவருடையது. இரண்டாவதும் அவருடையதே. அதைப் போடும் வேகத்தில் எதிரணி கோல்கீப்பரோடு மோதி விழுந்தார். பந்து வலைக்குள் கிடந்தது, அவர் எழுந்திருக்கவே இல்லை. டெம்போ 2-0 என்று கோப்பையை வென்றது. இரண்டு கோலையும் போட்டவர் உயிரோடு இல்லை. அதன்பின் டெம்போ தன் பத்தாம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது.

வெளிநாட்டிலும் இப்படித்தான். 2003 ஜூனில் கேமரூன் நாட்டுக்காக ஆடிக்கொண்டிருந்தபோது மைதானத்திலேயே சரிந்து இறந்தார் மார்க்-விவியன் ஃபோ. அதற்கு முந்தைய பருவத்தில் அவர் ஆடிய மான்செஸ்டர் சிட்டி, 23-ஆம் எண்ணை நிறுத்தியது. 2014 நவம்பரில் சிட்னியில் பவுன்சர் கழுத்தில் பட்டு இறந்த ஃபிலிப் ஹியூஸின் ஒருநாள் ஆட்டச் சட்டை எண் 64. அதை ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியம் நிறுத்தியது.

இந்த மூன்றிலும் யாரும் யாருக்கும் பட்டம் கொடுக்கவில்லை. அதே எண்ணை அடுத்த வாரமே வேறு ஒரு முதுகில் பார்த்தால் கூட ஆடியவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் நெஞ்சு அடைக்கும். அதற்காகத்தான் அந்த ஓய்வு. துக்க வீட்டில் இறந்தவர் உட்கார்ந்த நாற்காலியை யாரும் இழுத்துப் போட்டு உட்காருவதில்லை அல்லவா? அதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை, யாரும் கேள்வி கேட்பதுமில்லை.

உங்கள் அண்ணன் ஆண்டவன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதுகிறார். ஆகவே உங்கள் வழக்கு புகழைச் சேர்ந்தது. அங்கேதான் சிக்கல்கள் எல்லாம் இருக்கின்றன.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை சச்சினின் 10. 2017 ஆகஸ்டில் கொழும்பில் முதல் ஒருநாள் ஆட்டம் ஆட வந்த ஷர்துல் தாக்கூர் அந்த எண்ணோடு இறங்கினார். முதல் ஆட்டம் ஆடும் பிள்ளைக்கு வாழ்த்து வருவதற்குப் பதில் வசை வந்தது. அவர் 54-க்கு மாறிக்கொண்டார். அந்த நவம்பரில், பத்தாம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று இந்திய கிரிக்கெட் வாரியம் ஒதுக்கிவைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. 2023 டிசம்பரில் தோனியின் 7-உம் அதே வழியில் போனது. வேடிக்கை என்னவென்றால், தேசிய அணியில் 7-க்கு ஓய்வு கொடுத்த பிறகும் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டத்தில் அதே 7-ஐ முதுகில் போட்டுக்கொண்டு தோனியே இறங்கிக்கொண்டிருந்தார். ஜூலை 7 பிறந்த நாள், அதனால் 7 என்று எளிமையாகக் காரணம் சொன்னவர் அவர். அந்த எண்ணை மற்றவர்கள்தான் விக்கிரகம் ஆக்கினார்கள்.

வாரியம் பூட்டாவிட்டாலும் ரசிகர்கள் பூட்டிவிடுவார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2025 மே மாதம் விராட் கோலி டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விலகினார். சில வாரங்களில் இந்தியா ‘ஏ’ அணிக்காக முகேஷ் குமார் கோலியின் 18-ஆம் எண்ணோடு பந்து வீசினார். உடனே கூச்சல் கிளம்பியது. யார் தலையில் விழுந்தது? சட்டையைக் கையில் வாங்கிய ஆட்டக்காரர் தலையில். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 16 வயதுப் பையனைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருகிறேன்.

இனி உங்கள் மூத்தவர்கள் சொல்லும் ஆர்.சி.பி. 2023 மார்ச்சில் சின்னசாமி மைதானத்தில் அந்த அணி டிவில்லியர்ஸின் 17-க்கும் கெயிலின் 333-க்கும் ஓய்வு அறிவித்தது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஐ.பி.எல். அணியில் அதிகம் போனால் 25 பேர். எண்களோ வேண்டிய மட்டும். 17 போனால் 71 எடுத்துக்கொள்ளலாம். 333 என்பது 2010-இல் காலேயில் இலங்கைக்கு எதிராகக் கெயில் அடித்த டெஸ்ட் ரன். அதை வேறு ஒருவர் வந்து கேட்கப்போவதே இல்லை. ஆக, அந்தப் பூட்டு அணிக்கு ஒரு பைசா செலவு வைக்காத மரியாதை. உங்களிடம் இருப்பது பதினாறு சட்டை.

இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் இருவரும் ஆடிய காலத்தில் ஆர்.சி.பி.க்குக் கோப்பை கிடைக்கவில்லை. 2025 ஜூன் 3 இரவு அகமதாபாத்தில் ஒருவழியாகக் கிடைத்தபோது, இருவரும் மைதானத்துக்கு வந்து கோலியோடு சேர்ந்து கோப்பையைத் தொட்டார்கள். பெங்களூர்க்காரர்கள் நெகிழ்ந்தது அதற்குத்தான். 17-ஆம் எண் காலியாக இருக்கிறதே என்று அன்று யாரும் கண்கலங்கவில்லை. ஆளைக் கூட்டி வந்து நடுவில் நிறுத்தியதுதான் மரியாதையாகப் பட்டது.

அவசரப்பட்டுப் பூட்டினால் என்ன ஆகும் என்பதைக் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியிடம் கேட்கலாம். 2014-இல் முதல் பருவத்திலிருந்தே அங்கே ஆடிய சந்தேஷ் ஜிங்கன் 2020-இல் விலகியதும், அவருடைய 21-க்கு ஓய்வு என்று அறிவித்தது அந்த அணி. அவர் ஆட்டத்தை விடவில்லை, அணியைத்தான் விட்டார். அடுத்த பருவமே ஏ.டி.கே. மோகன் பகான் சட்டையில் எதிரே நின்றார். பிறகு நம்ம பெங்களூரு எஃப்.சி.க்கும் ஆடினார். 2022-இல் அவர் சொன்ன ஒரு வார்த்தை சர்ச்சையாகி, அவர் மன்னிப்பும் கேட்ட சமயத்தில், அந்த 21-ஐத் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று அதே ரசிகர்கள் கேட்டார்கள். தப்பு ஜிங்கன்மேல் என்று சொல்ல மாட்டேன். 26 வயது ஆட்டக்காரருக்கு முன்கூட்டியே கல்வெட்டு வெட்டினால், மீதி வாழ்க்கையை அவர் எங்கே வைத்துக்கொள்வார்?

இரண்டாவது கேள்வி, விதி. எந்த எண் யாருக்கு என்பதைப் போட்டி நடத்துகிறவர்களின் விதிதான் தீர்மானிக்கும். நீங்கள் ஆடும் லீக்கின் விதித்தாளை எடுத்துப் பாருங்கள். வரிசையாக எண் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தால் பேச்சே முடிந்தது. பெரிய இடங்களிலேயே அப்படி முடிந்திருக்கிறது. 2002 உலகக் கோப்பைக்கு மரடோனாவின் பத்தை விட்டுவிட்டு அணியை அனுப்பப் பார்த்தது அர்ஜென்டினா. ஒன்றிலிருந்து வரிசையாக எண் வேண்டும் என்று ஃபிஃபா மறுத்தது. ஏரியல் ஒர்ட்டேகா பத்தைப் போட்டுக்கொண்டு ஆடினார். ஸ்பெயின் லீக்கில் முதல் அணிக்கு 1 முதல் 25 வரைதான் எண். மெஸ்ஸி 2021-இல் போன பிறகு பார்சிலோனா பத்தை அன்சு ஃபாத்திக்குக் கொடுத்தது, 2025-இல் அது லமின் யமாலிடம் வந்திருக்கிறது.

உங்களுக்கு ரொம்ப நெருக்கமான பாடம் நேப்பிள்ஸ் நகரத்தில் இருக்கிறது. நாப்போலி அணி 2000-இல் மரடோனாவின் பத்துக்கு ஓய்வு கொடுத்தது. அந்த ஊரில் அவர் சாமி மாதிரி; யாரும் மறுத்துப் பேசவில்லை. 2004-இல் கிளப் திவாலாகி மூன்றாம் பிரிவுக்கு விழுந்தது. அங்கே ஆட்டத்தில் இறங்குகிறவர்கள் 1 முதல் 11 வரை எண் போட வேண்டும் என்பது விதி. பூட்டிய பத்து பெட்டியிலிருந்து வெளியே வந்தது, முதுகில் ஏறியது. கிளப் மறுபடி மேலே வந்த பிறகுதான் அதற்குத் திரும்ப ஓய்வு கிடைத்தது. கீழ்ப் பிரிவில் ஆடும் கிளப்புக்குப் பூட்டு ஒரு ஆடம்பரம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

சரி, பூட்டாமல் மரியாதை செய்ய வழி என்ன? நம் நாட்டு ஹாக்கியில் ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய கையோடு கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றார். டோக்கியோவிலும் வெண்கலம், பாரிஸிலும் வெண்கலம். வருடக்கணக்கில் பெங்களூரு தேசிய முகாமில் உழைத்தவர். அவருடைய 16-ஆம் எண்ணுக்கு ஹாக்கி இந்தியா ஓய்வு அறிவித்தது. ஆனால் சீனியர் அணியில் மட்டும். ஜூனியர் அணியில் 16 தொடரும் என்றார்கள். ஏனென்றால் ஸ்ரீஜேஷே ஜூனியர் அணியின் பயிற்சியாளராகப் போகவிருந்தார். அங்கே இன்னொரு ஸ்ரீஜேஷை அவர் உருவாக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. சில மாதம் கழித்து மகளிர் அணியின் ராணி ராம்பாலுடைய 28-க்கும் ஓய்வு வந்தது.

அந்த ஜூனியர் ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. எண் ஒருவரின் பெயரில் இருக்கிறது. ஆனால் அவர் கண்ணெதிரே, அவர் வளர்க்கும் பிள்ளைகள் நடுவில் அது நடமாடிக்கொண்டிருக்கிறது. இதைப் பூட்டு என்று சொல்ல முடியாது. ‘ஒதுக்கிவைத்தல்’ என்று சொல்லலாம். ரயிலில் ரிசர்வ் செய்த இருக்கை போல. உரியவர் வரும்வரை காலி, வந்தால் உட்காரலாம். யார் உரியவர் என்பதுதான் கேள்வி.

அதற்கும் பதில் இந்த வழக்கம் பிறந்த இடத்திலேயே இருக்கிறது. தொழில்முறை விளையாட்டில் முதன்முதலாக ஓய்வு பெற்ற எண் என்று சொல்லப்படுவது கனடாவின் டொரான்டோ ஐஸ் ஹாக்கி அணியின் 6. போட்டவர் ஏஸ் பெய்லி. 1933 டிசம்பரில் பாஸ்டன் அணி ஆட்டக்காரர் எட்டி ஷோர் மோதியதில் பனித்தரையில் மண்டை அடிபட்டு, சாவின் விளிம்புவரை போய் வந்தார். பிழைத்தார், ஆட்டம் போய்விட்டது. 1934 பிப்ரவரி 14 அன்று அவருக்கு நிதி திரட்ட நடந்த ஆட்டத்தில், தன்னை வீழ்த்திய ஷோரின் கையைப் பிடித்துக் குலுக்கினார் பெய்லி. அன்றே 6-க்கு ஓய்வு என்று அணி அறிவித்தது.

பலரும் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். 34 வருடம் கழித்து, 1968-இல், ரான் எல்லிஸ் என்ற இளைஞர் அதே அணியில் ஆடுவதைப் பார்த்தார் பெய்லி. அவர் ஆடும் விதம் பிடித்துப்போனது. என் 6-ஐ இந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று அவரே கேட்டார். எல்லிஸ் கடைசிவரை அந்த எண்ணில் ஆடினார். உலகத்தில் முதலில் பூட்டிய எண்ணை, எண்ணுக்குச் சொந்தக்காரரே திறந்துவிட்டார். கமிட்டி ஓட்டெடுக்கவில்லை, ரசிகர்கள் கூச்சல் போடவில்லை. தகுதி யாருக்கு என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது, சொன்னார்.

ஆகவே, உங்கள் கமிட்டி செய்திருக்கும் ஒரே தவறு அந்த சர்ப்ரைஸ். அண்ணனிடம் முதலில் பேசுங்கள். மேடையில் மைக்கைக் கொடுத்து, மாலை போட்டு, ஊர் முன்னால் கேட்டால் எந்த மனிதராலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. பயிற்சி முடிந்து டீ குடிக்கும்போது, நீங்கள் ஒருவர் மட்டும் போய்க் கேளுங்கள். அவர் வளர்த்த பையன்தான் கேட்கிறான் என்பதையும் சொல்லுங்கள். அவர் என்ன சொல்வார் என்று ஊகிக்க எனக்கு உரிமை இல்லை. உங்கள் கமிட்டிக்கும் இல்லை.

பேசப் போவதற்கு முன் உங்கள் கடிதத்தையே ஒரு முறை திரும்பப் படியுங்கள். கிளப் தொடங்கியது 1991. அண்ணன் பத்தைப் போட்டது 2003-இலிருந்து. நடுவில் 12 வருடம் அந்தப் பத்து யார் முதுகில் இருந்தது? அந்தப் பெயர் உங்கள் கடிதத்தில் இல்லை. ஒருவரோ இருவரோ இருந்திருப்பார்கள். எங்கோ வேலைக்குப் போயிருப்பார்கள், வீடு மாறியிருப்பார்கள். 2003-இல் உங்கள் பழைய கமிட்டி “இது இன்னாருடைய எண்” என்று பூட்டியிருந்தால் அண்ணனுக்குப் பத்து கிடைத்திருக்குமா? புகழுக்காகப் பூட்டும் ஒவ்வொரு பூட்டும் முன்னால் வந்தவரை மறக்கச் செய்கிறது, பின்னால் வருகிறவரை வெளியே நிறுத்துகிறது. வாரிசு வழியாகப் போகும் எண் இரண்டையும் செய்வதில்லை. மான்செஸ்டர் யுனைடெட்டின் 7-ஐப் பாருங்கள். பிரையன் ராப்சன், எரிக் கன்டோனா, டேவிட் பெக்கம், கிறிஸ்டியானோ ரொனால்டோ என்று கைமாறிக்கொண்டே வந்ததால்தான் அந்த 7-க்கு அவ்வளவு எடை.

எண்ணுக்குப் பிறவியிலேயே மகிமை கிடையாது. அல்சூர் கௌதமபுராவில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்களே, உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அந்த பெலேவுக்குப் பத்து எப்படி வந்தது? 1958 உலகக் கோப்பைக்கு பிரேசில் யாருக்கு எந்த எண் என்று குறிக்காமல் பட்டியலை அனுப்பிவிட்டது. அதிகாரி ஒருவர் கைக்கு வந்தபடி எண் போட்டார். கோல்கீப்பர் கில்மாருக்கு 3 விழுந்தது. 17 வயதுப் பையன் பெலேவுக்குப் பத்து விழுந்தது. அதற்கு முன் அது உள்-இடது ஆட்டக்காரரின் இடத்தைக் குறிக்கும் அடையாளம், அவ்வளவே. அவருடைய சான்டோஸ் கிளப் 2023 கடைசியில் முதல் பிரிவிலிருந்து இறங்கியபோது, இரண்டாம் பிரிவில் இருக்கும்வரை பத்தை யாரும் போட வேண்டாம் என்று முடிவெடுத்தது. ஒரு வருடம் கழித்து முதல் பிரிவுக்கு ஏறியது. 2025-இல் நெய்மர் திரும்பி வந்தபோது அவர் கையில் அந்தச் சட்டையைக் கொடுத்தது. பெலேவின் வீட்டிலேயே பூட்டு இல்லை, நிபந்தனைதான் இருக்கிறது.

உங்கள் கண்டோன்மென்ட் பக்கத்துக்கு இதைவிட நெருங்கிய உதாரணமும் உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதல் கோலைப் போட்டவர் பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன். அந்த அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதே அணியின் அகமது கான் பெங்களூர்க்காரர். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகமும் பெங்களூர்க்காரர். மைதானத்துத் திண்ணையில் உட்காரும் பெரியவர்கள் இவர்கள் பெயரை இன்னும் சொல்கிறார்கள். எந்த எண்ணில் ஆடினார்கள் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு கிளப்பின் நினைவு வாய்வழியாகத்தான் பிழைக்கிறது. எண் அந்தப் பேச்சைத் தொடங்கிவைக்கலாம்: “இந்தப் பத்தை உனக்கு முன்னால் யார் போட்டார் தெரியுமா?” பெட்டிக்குள் மடித்து வைத்த சட்டையைப் பார்த்து யார் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள்?

இனி நீங்கள் செய்யக்கூடியவை.

முதலில், சட்டைக்கு ஓய்வு கொடுங்கள், எண்ணை விட்டுவிடுங்கள். அண்ணன் போட்ட அந்தப் பழைய பத்தாம் எண் ஜெர்சி, காலர் நைந்து சாயம் போயிருந்தாலும், அதைத் துவைத்துக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுங்கள். ஆண்டு விழாவில் அவரைக் கொண்டே அதைத் திறந்து வைக்கலாம். புதிதாக ஒரு பத்து அடித்துக்கொள்ள ஒரு சட்டைச் செலவுதான். மூத்தவர்களே அதை ஏற்றுக்கொண்டால் சண்டையும் தீரும்.

அடுத்தது, ஒரு நோட்டு போடுங்கள். 1 முதல் 16 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பக்கம். 1991-இலிருந்து அதைப் போட்டவர்கள் பெயர், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை. பத்தாம் பக்கத்தில் அந்த 12 வருடத்துக்காரர்களைத் தேடி எழுதுங்கள். முடிந்தால் அவர்களையும் விழாவுக்கு அழையுங்கள். கோல் போட்டவருக்குக் கிடைத்த பக்கம் இரண்டாம் எண்ணில் தடுத்து ஆடியவருக்கும் கிடைக்கட்டும். நோட்டைச் செயலாளர் வைத்திருக்க வேண்டும், புதிதாகச் சேரும் பிள்ளை ஒவ்வொருவனும் தன் எண்ணின் பக்கத்தை ஒரு முறை படித்துவிட்டுத்தான் சட்டையை வாங்க வேண்டும்.

மூன்றாவது, பத்தை ஒதுக்கிவையுங்கள், நிபந்தனையோடு. நம் கிளப்பின் சிறுவர் பயிற்சியில் வளர்ந்தவனுக்குத்தான். ஒரு முழுப் பருவம் வேறு எண்ணில் ஆடியிருக்க வேண்டும். அண்ணன் சரி என்று சொல்ல வேண்டும். அவருக்குப் பின் அந்த வார்த்தை, கடைசியாகப் பத்தைப் போட்டவருக்கு. இதைக் கமிட்டித் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஆட்கள் மாறினாலும் வழக்கம் மாறாது.

ஒரு விதிவிலக்கையும் சேர்த்து எழுதிவிடுங்கள். அப்படி ஒரு நாள் வரவே கூடாது. வந்தால், ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளை ஒருவனை நீங்கள் இழக்க நேர்ந்தால், அவன் எண்ணை அவன் வீட்டார் மனம் வந்து சொல்லும்வரை யாரும் தொடக் கூடாது. அப்போது சட்டை ஒன்று குறைந்தால் குறையட்டும்.

மூன்றாவது கேள்வி, அந்தப் பையன். “உனக்கு இல்லை” என்றும் சொல்லாதீர்கள், “நீ அடுத்த அண்ணன்” என்றும் சொல்லாதீர்கள். இரண்டாவது இன்னும் மோசம். ஷர்துல் தாக்கூருக்கும் முகேஷ் குமாருக்கும் நடந்ததை மேலே சொன்னேன். அவர்கள் வளர்ந்த ஆட்டக்காரர்கள், தாங்கிக்கொண்டார்கள். உங்கள் பையனுக்கு வயது 16. முதல் மேட்சில் ஒரு சுலபமான கோலைத் தவறவிட்டால் கோட்டுக்கு வெளியே நிற்கும் பெருசுகள் “அண்ணனா இருந்தா போட்டிருப்பாரு” என்று கத்துவார்கள். அந்த வாயை அடைக்க ஒரே ஆளால்தான் முடியும். சட்டையை அண்ணன் கையால் கொடுக்கச் சொல்வதன் பயன் அதுதான். “நான்தான் கொடுத்தேன்” என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பெருசுகள் அடங்கிவிடுவார்கள்.

பையனிடம் ஒரு பேச்சு மட்டும் இப்போதே பேசிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் அண்ணன் எத்தனை கோல் போட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்கூட்டரையும் பெட்ஷீட்டையும் மாடியையும் பற்றித்தான் எழுதினீர்கள். 19 வருடத்தில் உங்கள் நினைவில் தங்கியது அதுதான். அப்படியானால் பத்தோடு போக வேண்டியதும் அதுதான். அண்ணன் சம்மதித்து, பருவம் கழிந்து, அந்தப் பையன் கையில் பத்து வரும் நாளில், ஆட்டம் முடிந்ததும் அந்தப் பழைய பெட்ஷீட்டையும் அவனிடம் நீட்டுங்கள். ஸ்கூட்டர் இல்லாவிட்டால் தலையில் தூக்கிக்கொண்டு போகட்டும்.

திங்கட்கிழமை காலையில் வேறொரு மாடியில் பதினாறு சட்டை காயும். அதில் பத்தும் காயட்டும்.